'எல்லாத்தையும் எடுங்க சார்'

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேருடன் டெக்ஸாஸ் வானத்தில் சிதறியது. உடைசல்களில் ஒரு கருகிய ஹார்ட் டிஸ்க். சுமார் 400 மெகாபைட்தான், இன்றைய கல்யாண வீடியோவில் பந்திக்குக்கூடப் போதாது. அதிலிருந்து ஒரு ஸெனான் வாயுப் பரிசோதனையின் தகவல்களை ஏறக்குறைய முழுசாக மீட்டு, 2008-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. அதனால் தாராளமாகக் கைதட்டலாம்.

நூம்பலில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளின் டிஸ்க் அப்படியில்லை. கணவர் மாரடைப்பில் போய் மூன்று மாதம். கம்ப்யூட்டரைப் போட்டால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். பேரன் போட்டோக்களும் வீட்டுக்கடன் கணக்கும் வேண்டும். "செலவானா பரவால்ல, எல்லாத்தையும் எடுங்க சார்" என்கிறார்.

அந்த 'எல்லாத்தையும்'தான் உறுத்துகிறது.

டிஸ்க்கைப் படிக்கும் 'ஹெட்' தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. பழுதானால், தூசியில்லாத அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்தி, தட்டிலிருப்பதை அப்படியே நகலெடுப்பார்கள். (வீட்டில் ஸ்க்ரூடிரைவருடன் முயல வேண்டாம், ப்ளீஸ்.) நகலில் அவர் டெலீட் செய்தவையும் வரும். டெலீட் என்பது வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மட்டுமே. மேலே வேறொன்று எழுதப்படும்வரை குடித்தனம் உள்ளேயே இருக்கும்.

டிஸ்க் மனைவியின் சொத்து, சரி. ஒரு மனிதர் வேண்டாமென்று அழித்ததும் சொத்தா? 2023-ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்களிடமுள்ள நம் விவரங்களுக்கு நாமினி வைக்க வழி சொல்கிறது. பீரோ டிஸ்க்கைப் பற்றி மூச்சில்லை. 'எரித்துவிடு' என்று காஃப்கா எழுதிவைத்ததை மாக்ஸ் ப்ராட் எரிக்காததால்தானே நமக்கு 'விசாரணை' கிடைத்தது என்பீர்கள். எரிக்க மாட்டேன் என்று காஃப்காவிடமே சொல்லிவிட்டதாக ப்ராட் எழுதியிருக்கிறார். நூம்பல்காரரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மரணத்தில் சந்தேகமோ, கடன் தகராறோ இருந்தால் தோண்டட்டும். மற்றபடி டெலீட் என்பதை அவருடைய சின்ன உயிலாகவே எடுத்துக்கொள்வேன். இருக்கிற ஃபைல் போதும், அழித்தது வேண்டாம் என்று கடையில் சொல்லலாம்.

ஆனால் டிஸ்க்கின் அட்டவணையே சிதைந்திருந்தால் எது இருந்தது, எது அழிந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. எல்லாம் பெயரில்லாத குவியலாக வரும். சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர், அந்தக் குடும்பத்தை முன்பின் தெரியாத கடைப்பையன்.