நந்தி விலகினார், மதில் விலகவில்லை

பிடித்த கீர்த்தனை எது என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘வருகலாமோ’. மாஞ்சி ராகம், மிஸ்ர சாப்பு. சிதம்பரமாகிய தில்லையின் எல்லையில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று நந்தனார் நடராஜரைக் கேட்கிற பாட்டு. தியாகையரின் பஞ்சரத்னங்களையும் தீட்சிதரின் நவாவரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தான் நான். அவற்றைப் பாடும்போது பிரமிப்பு வரும். இதைப் பாடும்போது மட்டும் தொண்டை அடைக்கும்.

அதற்கு மாஞ்சியும் ஒரு காரணம். பைரவிக்கு ஒட்டினாற்போல் இருக்கிற ராகம் இது. காலப்பிரமாணம் கொஞ்சம் கூடினாலும், கமகத்தில் கொஞ்சம் மிடுக்கு ஏறினாலும் பைரவிக்குள் போய் விழுந்துவிடும். நிதானமாக, ஸ்வரத்துக்கு ஸ்வரம் நின்று பாடினால்தான் மாஞ்சி மாஞ்சியாக இருக்கும். சியாமா சாஸ்திரியும் ‘ப்ரோவவம்மா’வை இதே ராகத்தில்தான் வைத்தார். தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கிற ஒருவருக்குப் பாரதியார் இந்த ராகத்தைக் கொடுத்தது சும்மா இல்லை. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ‘தகிட’ சட்டென்று முடியும், ‘தகதிமி’ சற்று நீளும். ஒரு எட்டு வைத்து, நின்று, மறு எட்டு வைக்கிற நடை அதில் வந்துவிடுகிறது. அழுது பாடினால் பாட்டு கெட்டுப்போகும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். நந்தனார் அங்கே அழவில்லை, கேட்கிறார்.

பாட்டு பிடித்திருப்பதாலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. எங்கள் மயிலாடுதுறையில் ரயிலேறினால் வழியிலேயே ஆனந்ததாண்டவபுரம், பாரதியார் வாழ்ந்த ஊர். அதற்கடுத்து வைத்தீஸ்வரன்கோயில். அங்கிருந்து திருப்புன்கூர் பக்கம்தான். வெளியே நின்றே சிவலோகநாதரைப் பார்க்க நந்தனார் ஏங்கியபோது, மறைத்துக்கொண்டிருந்த நந்தியைச் சுவாமி விலகச் சொன்ன தலம். இன்றைக்கும் அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கியே இருக்கிறார். என்னிடம் பாட்டுப் படிக்கிற பெண் ஒருத்தியை அங்கே அழைத்துப்போயிருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், இங்க நந்தியையே நகரச் சொன்ன சாமி, சிதம்பரத்துல மட்டும் ஏன் அவரை நெருப்புல இறங்கச் சொன்னாரு?”

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை அப்படித்தான். தில்லை மதிலை இரவும் பகலும் வலம் வந்து நிற்கிறார் திருநாளைப்போவார் என்ற நந்தனார். சுவாமி கனவில் வந்து தீயில் மூழ்கி எழுந்து வரச் சொல்கிறார். தீயை மூட்டி வைக்கும்படி தில்லைவாழ் அந்தணர்களுக்கும் கனவிலேயே உத்தரவாகிறது. நந்தனார் பூணூலும் சடையுமாக முனிவராக எழுந்து உள்ளே போகிறார். பாரதியார் தம் நந்தனார் கதையில் பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைக் கொண்டுவந்து, நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுத்தான் போகலாம் என்று பேசவைத்தார். கும்பிடப் போவதற்கும் கூலியாளுக்குப் பண்ணையாரின் அனுமதி வேண்டியிருந்த காவிரிக்கரையை அவர் கண்ணால் பார்த்தவர்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். நான் தினமும் சிவபூஜை செய்கிறவள். சேக்கிழார் வாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். ஆனாலும் அந்த நெருப்பைக் கேட்டது நடராஜர் என்று என் மனசு ஒப்பவில்லை. கல்லை நகர்த்தத் தெரிந்தவருக்கு மதில் ஒரு பொருட்டா? வாசலை மறித்து நின்றவர்கள் மனம் மாறவில்லை, அவர்களுக்காகத்தான் நெருப்பு தேவைப்பட்டது. சரணத்தில் நந்தனார் தன் பிறப்பைச் சொல்லித் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போது, ஆஹா என்ன பக்தி என்று சபையில் தலையாட்டுகிறோம். ஒரு மனிதரை அப்படிச் சொல்லவைத்தது எது என்று கேட்காமல் தலையாட்டினால், அந்த ரசனையில் பாவம் இருக்கிறது. அம்பேத்கர் 1948ல் தீண்டப்படாதோரைப் பற்றி எழுதிய நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் மூவருக்கும் சமர்ப்பித்தார். அவர் நந்தனாரை அடக்கத்துக்கு உதாரணமாக நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாட்டை நான் விடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் நெருப்பு இல்லை என்பதுதான். கேள்வி மட்டும் இருக்கிறது. இடையில் தரகர் யாரும் இல்லாமல் ஆண்டவனிடம் நேரே கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939ல்தான்.

பெரியபுராணத்தில் இன்னொரு செய்தி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பதுதான் நந்தனாரின் திருத்தொண்டு. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது, அவர் மட்டும் வெளியே நின்றார். இன்று ‘வருகலாமோ’வுக்கு வாசிக்கிற மிருதங்கத்தைப் பாருங்கள். பலாக்கட்டைக்கு மேலே பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. வலந்தலையில் கறுப்பாக வைத்த சோறு, தொப்பியில் அப்புகிற ரவை, இழுத்துக் கட்டிய எருமை வார் எல்லாம் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த நாதம். அதற்கான தோலைப் பதம் பார்த்துத் தேர்ந்தெடுத்து அறுக்கிற கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கைகள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயர், பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 2020ல் புத்தகம் எழுதிய பிறகுதான் ரசிகர்கள் பலருக்குத் தெரியவந்தது.

சபாக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று பெயர் போடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, மிருதங்கம் செய்தவர் பெயரையும் அச்சடியுங்கள். கச்சேரியன்று அவரை அழைத்து முதல் வரிசையில் உட்காரவையுங்கள்.