தனியாகப் போனவர்

தனியாகப் போவதற்கு நம்மிடையே ஒரு மரியாதை உண்டு. ஒருவன் படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வேனுக்குள் அடக்கிக்கொண்டு, அமெரிக்காவில் யூட்டாவின் பாலைப் பள்ளத்தாக்குகளில் வாரக்கணக்கில் தனியே ஓட்டிக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டால், வீட்டைவிட்டு நகராத நாம் கொஞ்சம் கூசிப்போகிறோம். எழுத்திலும் இதுதான் நிலை. புதுக்கவிதையில் தனிமை ஒரு அனுபவமாக வந்து, மெல்ல ஒரு தகுதியாகிவிட்டது. இந்தத் தகுதி எவ்வளவு தூரம் உண்மையானது?

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. பாலையைத் தனியே கடந்தவர் என்று உலகம் அறிந்த ஒருவர் இந்த ஊர்வரை வந்து திரும்பியதாக அவர் சரிதை சொல்கிறது. யுவான் சுவாங். சீனத்தை விட்டு வெளியேறத் தடை இருந்த காலத்தில், 629 வாக்கில், ரகசியமாகக் கிளம்பினார். வழிகாட்ட வந்தவன் பாதியில் கழன்றுகொண்டான். எல்லைக் காவல் கோபுரத்திலிருந்து அம்பு எய்தார்கள். அப்பால் மணலில், குடிக்கப் போகையில் பை கைநழுவி இருந்த தண்ணீரெல்லாம் கொட்டிப்போயிற்று. வந்த வழியே சிறிது தூரம் திரும்பினார். இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லை என்ற சபதம் நினைவுக்கு வந்தது. மறுபடி குதிரையைத் திருப்பினார். நான்கு இரவு, ஐந்து பகல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நாம் கதையை இங்கே நிறுத்திக்கொள்கிறோம். மணல், சபதம், ஒற்றை மனிதன் என்று நமக்குப் பிடித்த சித்திரம் பூர்த்தியாகிவிடுகிறது. சரிதை நிறுத்தவில்லை. அவரைக் காப்பாற்றியது ஒரு கிழக்குதிரை. அந்தத் தடத்தில் பதினைந்து முறை போய்வந்தது என்று சொல்லி ஒரு கிழவன் தந்தது. ஐந்தாம் நாள் இரவு அது அவர் இழுத்த பக்கம் போகாமல் தன் போக்கில் போயிற்று. புல்லும் நீரும் இருந்த இடத்தில் கொண்டு நிறுத்தியது. அம்பு வந்த கோபுரத்தில்கூட ஓர் அதிகாரி உணவும் தண்ணீரும் கொடுத்து வழி சொல்லியிருக்கிறார்.

640 வாக்கில் காஞ்சி, நரசிம்மவர்மன் காலம். இங்கிருந்து இலங்கைக்கு மூன்று நாள் கடல்வழி. போவதாகத்தான் இருந்தார். அங்கிருந்து வந்த பிக்குகள், அரசன் இறந்துவிட்டான், பஞ்சம் என்றார்கள். யோக சாஸ்திரத்தில் அவர்களைக் கேட்டுப் பார்த்தார். நாலந்தாவில் கற்றதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பிவிட்டார்.

செத்தாலும் திரும்பமாட்டேன் என்றவர் நாலு பேர் சொல்லைக் கேட்டுத் திரும்பியது சரிவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணலில் குதிரையின் போக்குக்கு விட்டதும் இங்கே அகதிகளின் பேச்சுக்குச் செவிகொடுத்ததும் ஒரே காரியம்தான். சபதம் அவரைக் கிளப்பியது, கொண்டுசேர்த்தது செவி.

யூட்டாவில் 2003இல் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் போகுமிடத்தை யாரிடமும் சொல்லாமல் ப்ளூஜான் பள்ளத்தாக்கில் தனியே இறங்கினார். பாறை ஒன்று புரண்டு அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. தேடி வர யாருக்கும் இடம் தெரியாது. ஐந்து நாளுக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் துணிவைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் கையைக் கொடுக்க நேர்ந்தது தனியே போனதற்கு மட்டுமல்ல, சொல்லாமல் போனதற்கும்தான். வெளியே வந்து நடந்தவருக்குத் தண்ணீர் தந்தது எதிரே வந்த ஒரு குடும்பம்.

சங்கக் கவிதையில் பாலை, போகிறவனுக்கு மட்டும் சொந்தமான நிலமாக இருந்ததில்லை. வீட்டில் இருப்பவளும் அதைப் பேசுகிறாள். அவள் குரல் இல்லாவிட்டால் அது வெறும் வெயில்தான். நம் தனிமைக் கவிதைகளில் பலவற்றில் நான் காண்பது இந்த வெயிலைத்தான்.

காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்கிற குழித்தறியில் ஒருவரே உட்கார்ந்து முடிக்க இயலாது. உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா வீச இன்னொருவர் வேண்டும். விரித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த இரண்டாவது கை தெரியாது. நெய்தவருக்குத் தெரியும். தனிமையை எழுதுகிறவனிடமும் இவ்வளவுதான் கேட்கிறேன்: அந்தக் கை இருந்தது அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.