உண்டியலை எங்கே வைப்பது?

விலையின்றிக் கிடைக்கும் ஒன்றைப் பயன்படுத்துகிறவரிடம், அதை நடத்துகிறவர் பணம் கேட்கலாமா? கேட்கலாம் எனில் எத்தனை முறை, எந்தக் குரலில்? ஆலய உண்டியலைப் போலவே பழைமையான இவ்வினா, இன்று இணையத்தின் சமூகத் தளங்களில் புதிதாக எழுந்துள்ளது. நண்பர் எழுதியதைப் படிக்கத் திரையைத் திறக்கிறோம். எழுத்துகளை மறைத்துக்கொண்டு ஒரு வேண்டுகோள் வந்து நிற்கிறது. இத்தளம் விளம்பரமின்றித் தன்னார்வலரால் நடத்தப்படுகிறது, இயன்றதைத் தாருங்கள் என்கிறது. அதை மூடினால்தான் மேலே படிக்க இயலும். மூடினாலும் சில நாள்களில் மீண்டும் வருகிறது. இதனால் சினம் கொள்வோர் உளர். இவ்வளவையும் இலவசமாகப் பெற்றுக்கொண்டு ஒரு வேண்டுகோளைக்கூடப் பொறுக்கமாட்டீர்களா என்று அவர்களைக் கடிந்துகொள்வோரும் உளர். இரு சாராரிடமும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

இத்தளங்கள் எத்தகையவை என்பதை முதலில் காண்போம். 2016-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓய்கன் ரோக்கோ என்னும் இளைஞர் மாஸ்டடான் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதை எவரும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவித் தமக்கென ஒரு தளம் அமைக்கலாம். இவ்வாறு அமைந்த ஆயிரக்கணக்கான தளங்கள் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. அனைத்துக்கும் உரிய முதலாளி என ஒருவர் இல்லை. 2022 அக்டோபரில் ட்விட்டர் 4,400 கோடி டாலருக்கு எலான் மஸ்க்கின் கைக்கு மாறியபோது, இலட்சக்கணக்கானோர் இங்கே குடிபெயர்ந்தனர். திண்ணையில் பத்துப் பேருக்கு இடம் வைத்திருந்தவரின் வாசலில் ஊரே வந்து நின்ற கதைதான். சர்வருக்கான வாடகையும் படங்களைச் சேமிக்கும் செலவும் ஒருபுறம் இருக்க, வசைகளையும் ஆபாசங்களையும் நாள்தோறும் பார்த்துப் பார்த்து நீக்கும் உழைப்பு மற்றொருபுறம். இவ்வுழைப்பைத் தருவோரில் பலர் பகலில் வேறு வேலைக்குச் சென்று, இரவில் இதற்கென அமர்பவர்கள்.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த குழப்பம் சிறிதன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983-இல் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இவ்வேறுபாட்டை விளக்குவதற்கே பெரும்பாடு பட்டிருக்கிறார். தமிழில் இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. ஆயினும் நடைமுறையில் நாமும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். பூட்டில்லாத வீட்டுக்கு வாடகையும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

பெருநிறுவனங்கள் நம்மிடம் இவ்வாறு கையேந்துவதில்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வருவாயில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. நாம் எதைப் பார்த்தோம், எங்கே நின்றோம், எதை விரும்பினோம் என்பவற்றை அறிந்தே அவ்விளம்பரங்கள் நமக்குக் காட்டப்படுகின்றன. உண்டியல் கண்ணில் படவில்லை என்பதால் அங்கே காணிக்கை எடுக்கப்படவில்லை என்பது பொருளாகாது. இதனை எண்ணும்போது, வெளிப்படையாகக் கேட்பதில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் மறைவாக எடுக்கிறார் என்பது, மற்றொருவர் வழிமறித்துக் கேட்பதற்கு நியாயம் ஆகிவிடுமா?

நம் திருச்சபைக்கு இதில் நெடிய, சற்றே கசப்பான பட்டறிவு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் மருத்துவமனைகளுக்கும் ஆலயப் பணிகளுக்கும் நிதி திரட்டுவோர் ஊர் ஊராகச் சென்றனர். கேட்ட காரியம் பெரும்பாலும் நல்லது. கேட்ட முறை கெட்டுப்போயிற்று. 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. திருத்தந்தையின் அல்லது மறைமாவட்ட ஆயரின் உண்மையான மடலைக் காட்டாதவரை ஏற்கலாகாது, வந்தவர் அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும், மதுவிடுதிகளில் தங்கலாகாது, வீண்செலவு செய்யலாகாது. (மதுவிடுதியைப் பெயர் சுட்டித் தடுக்க நேர்ந்தது என்பதே அன்றைய நிலையைக் காட்டப் போதும்.) அதனாலும் சீர்கேடு நீங்கவில்லை. உரோமையில் புனித பேதுரு பேராலயம் எழுப்பும் பணியை முன்னிட்டு வழங்கப்பட்ட பலன்களை யோகான் டெட்சல் ஜெர்மனியில் எடுத்துரைத்த முறை, 1517-இல் மார்ட்டின் லூத்தரின் எதிர்ப்புக்கு உடனடிக் காரணமாயிற்று. உத்தரிக்கிற நிலையில் உள்ள பெற்றோரை எண்ணிப் பதறும் மக்களிடம் அச்சம் கைநீட்டிப் பெற்ற பணம் அது. இறுதியில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1562 ஜூலையில் அந்நிதி திரட்டுவோரின் பதவியையும் அதன் பெயரையுமே ஒழித்தது. முந்தைய சங்கங்கள் கண்ட மருந்துகள் பயன்படவில்லை என்று அச்சங்கம் மறைக்காமல் ஒப்புக்கொண்டது நம் கவனத்துக்குரியது.

இணையத்திலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்துள்ளது. விக்கிப்பீடியா சமூகத் தளம் ஆகாது எனினும், அதுவும் 2001 முதல் விளம்பரமின்றித் தன்னார்வலர் எழுதி வளர்ப்பது. அதன் பெயரால் நிதி திரட்டும் விக்கிமீடியா அறக்கட்டளை, 10 கோடி டாலர் நிலைநிதி திரட்டும் இலக்கை 2021-இல் எட்டியது. ஆயினும் பக்கங்களின் தலையில் வந்த வேண்டுகோள்கள், தளம் இடரில் இருப்பதாக எண்ணவைக்கும் தொனியில் அமைந்திருந்தன. 2022 நவம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களே இதனை எதிர்த்து, அவ்வாசகங்கள் ஏற்கத்தக்கவை அல்ல எனப் பொது விவாதத்தில் முடிவு செய்தனர். அறக்கட்டளை வாசகங்களை மாற்றியமைத்தது. அங்கே பணத்தேவை இல்லை என்று எவரும் கூறவில்லை. ஊதியமின்றி எழுதும் தங்கள் உழைப்பைக் காட்டி, இல்லாத ஆபத்தைச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றார்கள். கொடுப்பவரை விடவும், யாருடைய பெயரால் கேட்கப்படுகிறதோ அவருக்கே இதில் கூடுதல் வலி இருக்கிறது போலும்!

வற்புறுத்திக் கேட்பதே தவறு என்று சொல்லிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகப் புனித பவுல் நிதி திரட்டியபோது கூச்சப்படவில்லை. வறுமையிலும் வாரிக் கொடுத்த மாசிதோனியரின் செயலைக் கொரிந்தியரிடம் எடுத்துச் சொல்லி, அவர்களுக்குச் சற்று நாணமும் உண்டாக்குகிறார். ஆயினும் அவர் செய்த இரு ஏற்பாடுகள் உற்றுநோக்கத்தக்கவை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம்மிடமே சேர்த்து வைக்கட்டும், தாம் வந்தபின் தண்டல் நடக்க வேண்டாம் என்கிறார். அதாவது, கொடுக்கும் கணத்தில் கேட்பவரின் முகம் எதிரே இருக்கலாகாது. அடுத்து, அப்பணத்தைக் கொண்டுசெல்வதில் எவரும் தம்மைக் குறைகூற இடமிராதபடி, சபைகள் தேர்ந்த பிறரையும் உடன் சேர்த்துக்கொள்கிறார்.

திரையை மறித்து நிற்கும் வேண்டுகோளில் உள்ள பிழை இந்த முதல் ஏற்பாட்டுக்கு மாறானது என்பது நம் கருத்து. படிக்க வந்தவர் தம் விருப்பத்தால் அன்றி, அதை அகற்றினால் போதும் என்றே கொடுப்பாராயின் அது சுங்கச்சாவடியில் செலுத்தும் தொகையைப் போன்றதே. கொடுக்க வழியில்லாத மாணவரும் வேலையிழந்தவரும் ஒவ்வொரு முறையும் 'இப்போது வேண்டாம்' என்று அழுத்தித் தம் இல்லாமையை அறிக்கையிட வேண்டியுள்ளது. மூலையில் அடக்கமாக வைத்த அறிவிப்பை எவரும் பார்ப்பதில்லை என்று நடத்துநர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மையே. ஆண்டுக்கு ஒருமுறை எல்லார் கண்ணிலும் படும்படி கேட்டு, ஒரு சொடுக்கில் மூட இடமளித்து, மூடியவரிடம் அவ்வாண்டில் மீண்டும் வராமல், வரவையும் செலவையும் மாதந்தோறும் அனைவரும் காண இடுவாராயின் அவரைக் குறைகூற நமக்கு வாய் எழாது.

திருக்குறளில் இரவு என்ற அதிகாரத்தை அடுத்தே இரவச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. 106-ஆம் அதிகாரம் தக்காரிடம் கேட்பதற்கு இடம் தருகிறது. 107-ஆவது, கேட்க அஞ்சுவதைப் போற்றுகிறது. தளம் நடத்துவோரில் பலர் இந்த இரண்டாம் அதிகாரத்திலேயே வாழ்ந்துவிடுகின்றனர். கேட்க நாணி, தம் கைப்பொருளை இட்டு, ஒருநாள் களைத்து மூடிவிடுகிறார்கள். அவர்களின் மௌனத்தை நிறைவு என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

மாஸ்டடானின் பொதுப்பட்டியலில் இடம்பெறும் தளங்கள், மூடுவதாயின் மூன்று மாதம் முன்னதாகவே அறிவிப்பதாக உறுதியளிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்தபின்தான் பலர் அங்கே எவ்வளவு செலவானது என்று முதன்முறையாகக் கேட்கிறார்கள். அதற்குள் வேறு தளத்துக்குக் குடிபெயரலாம். தம்மைப் பின்தொடர்வோரையும் உடன் அழைத்துச் செல்லலாம். அங்கே ஆண்டுக்கணக்கில் எழுதிய பதிவுகளை மட்டும் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை.