முப்பது நாள் சங்கல்பம்

முப்பது நாளில் 50,000 சொற்களுக்கு ஒரு நாவலை எழுதி முடிப்பேன் என்று ஒருவர் உறுதி எடுக்கலாமா? 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் தொடங்க, 21 பேர் ஏற்ற சவால் இது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்துக்கு மாறி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அதை நடத்திய அமைப்பு தன் பணியை நிறுத்திக்கொள்வதாக 2025இல் அறிவித்துவிட்டாலும், சவாலை இன்றும் யார் வேண்டுமானாலும் ஏற்கலாம். ஏற்பதா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தைத்தான் கணக்கிடுகிறார்கள்: நாளுக்கு 1,667 சொற்கள் வருமா, வராதா? அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று. எதைச் செய்து தருவதாகச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது? உழைப்பைத் தருவதாகச் சொல்லலாம், விளைவைத் தருவதாகச் சொல்ல முடியாது என்பதே என் முடிவு. அப்படிப் பார்த்தால், அற்பமானதென்று இகழப்படும் அந்தச் சொல் எண்ணிக்கைதான் இந்தச் சங்கல்பத்தின் நேர்மையான பகுதி.

‘நல்ல நாவல் எழுதுவேன்’ என்ற சபதம் கேட்பதற்கு உயர்ந்ததாக இருக்கும். ஆனால் நல்ல நாவல் என்பது திறமை, வாழ்ந்த அனுபவம், அன்றைக்கு மனம் இருக்கும் நிலை, வாசிப்பவரின் தீர்ப்பு ஆகிய எல்லாம் கூடி வர வேண்டிய ஒன்று. அவற்றில் பெரும்பகுதி எழுதுகிறவரின் ஆளுகையில் இல்லை. நம் வசம் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதிலிருந்தே ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸின் கைந்நூல் தொடங்குகிறது. செயலில் மட்டுமே உனக்கு அதிகாரம் என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். நம்மிடையே ஒரு மாத நோன்புக்குத் தெளிவான முன்மாதிரி திருப்பாவையில் இருக்கிறது. நெய்யும் பாலும் உண்ணாமை, விடியலில் நீராடல், மையும் மலரும் தவிர்த்தல் என்று அங்கே நோற்பவர்கள் ஏற்பதெல்லாம் அவர்களால் செய்யக்கூடியவை. மழையோ வேண்டுதலாக வருகிறது. அதைப் பெய்விப்போம் என்று அவர்கள் உறுதி கூறுவதில்லை. 50,000 சொற்கள் என்பதும் செய்யக்கூடியவற்றின் பட்டியலில்தான் சேரும். நாவல் நன்றாக அமைவது மழை.

இதற்கு வலுவான மறுப்பு இலக்கியத்தின் பக்கமிருந்து வருகிறது. ‘மதாம் பொவாரி’ நாவலுக்கு பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபெர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செலவிட்டார், எண்ணிக்கைக்காக எழுதுகிறவர் வாக்கியத்தை அவமதிக்கிறார் என்பார்கள். எதிர்த்தரப்பு உடனே ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியைக் காட்டும். 1866 அக்டோபரில் ‘சூதாடி’ நாவலை அவர் இருபத்தாறு நாளில் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்து முடித்தார். நவம்பர் முதல் தேதிக்குள் தராவிட்டால், அவருடைய நூல்களை ஒன்பது ஆண்டுகளுக்கு ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கிக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். இந்த உதாரணத்தை வேகத்துக்குச் சான்றாக என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கதையின் கருவை 1863லேயே அவர் ஒரு கடிதத்தில் விவரித்திருந்தார். சூதாட்ட மேசையின் வெறியை அதற்கு முன்பே அறிந்தும் இருந்தார். இருபத்தாறு நாளில் நடந்தது, ஏற்கெனவே திரண்டிருந்தது தாளுக்கு வந்ததுதான். ஆகவே ஒரு மாதம் நாவலைத் தந்துவிடும் என்று நம்பி இறங்குவது தவறு. அது ஒரு கரட்டு வரைவைத் தரும். அந்த வரைவில் ஃப்ளாபெரின் ஐந்தாண்டு உழைப்பைத் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. எழுதாத பக்கத்தைத்தான் யாராலும் திருத்த முடியாது.

தனக்குத் தானே கொடுத்த வாக்கு எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது இன்னும் நுட்பமான கேள்வி. தத்துவவாதி மார்க்கஸ் சிங்கர் 1959இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலைக் கூர்மையாக எடுத்துரைத்தார். வாக்கைப் பெற்றவர் விரும்பினால் கொடுத்தவரை விடுவிக்கலாம். இங்கே இருவரும் ஒருவரே என்பதால், எப்போது வேண்டுமானாலும் விடுவித்துக்கொள்ளலாம், அப்படியானால் அது கடமையே இல்லை. தர்க்கம் சரியானது. ஆனால் பதினோராம் நாள் இரவு, களைப்பில், ‘விட்டுவிடலாம்’ என்று சொல்லும் மனம், நிதானமாக யோசித்து உறுதியெடுத்த மனத்துக்குச் சமமான தகுதியுடையதா? இல்லை என்றே நினைக்கிறேன். விடுவிக்கும் அதிகாரம் நமக்கு உண்டு. எடுத்தபோது இருந்த அதே தெளிவோடு, மறுநாள் காலையில் அதைப் பயன்படுத்த வேண்டும். உடல்நலம் கெட்டது, வேலை போனது போன்ற காரணங்கள் அந்தக் காலை வெளிச்சத்திலும் நிற்கும். சலிப்பு பெரும்பாலும் நிற்காது.

சங்கல்பம் தன்னைப் பற்றியது மட்டும் என்று எண்ணுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ‘சூதாடி’யின் அக்டோபர் தஸ்தயேவ்ஸ்கியினுடையது மட்டுமல்ல. அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்குப் போய் இரவில் பிரதியெடுத்த இருபது வயது அன்னா ஸ்னித்கினாவினுடையதும்தான். அவருக்கு அது ஊதியத்துக்கு ஒப்புக்கொண்ட வேலை. நம் வீடுகளில் ஒருவர் எழுத உட்கார்ந்தால், சமையலும் குழந்தையின் வீட்டுப்பாடமும் முதியவரின் மருந்தும் யாரும் கேட்காமலேயே இன்னொருவர் மேல், பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல், போய் விழுகின்றன. என் உழைப்பை நான் தரலாம். பிறர் உழைப்பைக் கேட்காமல் தர எனக்கு உரிமை இல்லை. ஆகவே முதல் சொல்லை எழுதுமுன் அவர்களிடம் பேசியாக வேண்டும். அவர்களால் இயலாதென்றால், நாளுக்கு 500 சொற்களாகக் குறைத்து நூறு நாளாக நீட்டிக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் அதே 50,000தான் வரும்.