யாருடைய அவசரம்?

2013 செப்டம்பரில் இங்கிலாந்து அரசு 53 மருத்துவமனை டிரஸ்டுகளுக்கு 25 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கியது. குளிர்கால நெரிசலில் அவற்றின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் திணறிவிடக் கூடாது என்பது நோக்கம். தடுமாறும் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தால், நன்றாக நடத்துபவர்களைத் தண்டிப்பது ஆகாதா என்ற கேள்வி எழும். எனக்கு இது பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. மூச்சுத்திணறலோடு வரும் மூதாட்டி, நிர்வாகத் திறமையைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில்லை.

என் கேள்வி வேறு. எதை நாம் அவசரம் என்கிறோம்?

நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்பது அங்கே அப்போதிருந்த இலக்கு. அது தவறுவதற்கு அவசரப் பிரிவு மட்டும் காரணமில்லை. மேல்தளத்து வார்டுகளில் படுக்கை காலியாவதில்லை. குணமானவர்கள் வீடு திரும்ப முடியாமல் கிடக்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

'ஆள்' இலக்கணப்படி இருபாலுக்கும் பொதுவான சொல். நடைமுறையில் அது மகள், மருமகள், மனைவி. அவர்கள் இல்லாவிட்டால் கூலிக்கு வரும் பெண். இங்கிலாந்தின் பராமரிப்புப் பணியாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பெண்கள், ஊதியமோ சொற்பம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா வழி திறக்கப்பட்டது. 2024 மார்ச்சிலிருந்து, புதிதாக வருகிறவர்கள் குழந்தைகளையும் துணையையும் அழைத்துவர முடியாது என்றானது. இன்னொருவரின் தாயைக் குளிப்பாட்டப் போனவள், தன் பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு எந்த நாட்டு பட்ஜெட்டிலும் இடமில்லை.

இதை அரசு அறியாமலில்லை. 2022 குளிர்காலத்துக்கு, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிப் பராமரிக்கவென்றே 50 கோடி பவுண்டு ஒதுக்கியது. ஆனால் சில மாதங்களுக்கு மட்டும் வரும் பணத்தை நம்பி யாருக்கும் நிரந்தர வேலை தர முடியாது.

அதற்காக வாசலில் துடிப்பவரிடம், 'பொறுங்கள், வேரைச் சரிசெய்கிறோம்' என்று சொல்லலாமா? கூடாது. அவசரப் பிரிவுக்குப் பணம் போகத்தான் வேண்டும். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று கணக்கை மூடுவதுதான் அநீதி. ஆம்புலன்ஸ் வரிசையைப் படம் பிடிக்கலாம். இரவில் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பெண்ணின் முதுகுவலியை யாரும் படம் பிடிப்பதில்லை. தெரிவதற்கே பணம் என்றால், தெரியாமல் உழைப்பவள் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் மானியம் தருகிறாள். அவளிடம் கேட்காமலே அது வசூலாகிறது.