விலகி அமர்ந்த நந்தி

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள சிவலோகநாதர் கோயிலுக்கு முதல்முறை போகிறவர்கள் நந்தியைப் பார்த்ததும் சற்றுத் திகைத்து நிற்பார்கள். மற்றச் சிவன் கோயில்களில் மூலவருக்கு நேராக அமர்ந்திருக்கும் நந்தி இங்கே ஒரு பக்கமாக ஒதுங்கி அமர்ந்திருக்கிறது. ஆதனூர் நந்தனாருக்காக அது விலகியது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர் அவர். அவர் கொடுத்த தோல் சந்நிதிக்குள் முழங்கியது. பிறப்பின் பேரால் அவரை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். வாசலில் நின்று பார்த்தார். நந்தி மறைத்தது. இறைவன் அதைச் சற்றே விலகியிருக்கச் சொன்னார்.

நந்தி அங்கிருந்து காணாமல் போகவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம். இன்றும் அதே கல்லாக, அதே கனத்தோடு அங்கேயே இருக்கிறது. பார்க்க வந்தவருக்கு வழிவிட்டது, அவ்வளவுதான். விலகியதும் யாருக்காக? உள்ளே வசதியாக நின்று கும்பிட்டவர்களுக்காகவா? வெளியே நிறுத்தப்பட்ட ஒருவருக்காக.

கோயிலில் எடுத்த படங்களைச் செல்போனில் திருத்துகிறவர்களைப் பார்க்கும்போது இந்த நந்தி எனக்கு நினைவுக்கு வருகிறது. தரிசனம் முடிந்து ஊர் திரும்பும் பேருந்தில், வேனில், இது இப்போது சாதாரணக் காட்சி. கோபுரத்தின் முன் குடும்பம் நிற்கிறது. பின்னால் யாரோ நாலு பேர். விரலால் அவர்கள் மேல் ஒரு வட்டம் போட்டால் போதும், மறைந்துவிடுகிறார்கள். 2021ல் கூகுள் தன் பிக்ஸல் 6 போனோடு 'மேஜிக் இரேஸர்' என்ற பெயரில் இதைக் கொடுத்தது. சாம்சங் போன்களிலும் இந்த வசதி வந்தது. 2024ல் ஐபோனிலும் 'கிளீன் அப்' என்று வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை இது.

அழித்த இடம் வெற்றிடமாக இருக்க முடியாது, அங்கே எதையாவது வைத்தாக வேண்டும். 2010ல் போட்டோஷாப்பில் வந்த வசதி அதே படத்தின் வேறு பகுதிகளிலிருந்து எடுத்து அந்த இடத்தை ஒட்டுப்போட்டது. பக்கத்துப் புல்லை எடுத்துப் புல்லுக்கு, பக்கத்து வானத்தை எடுத்து வானத்துக்கு. இன்றைய செயற்கை நுண்ணறிவு எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகியது. இந்த மாதிரி இடத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று கணித்து, புதிதாகவே வரைந்து வைக்கிறது. கோபுரத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பியை அழித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பி போன இடத்தில் ஒரு சுதைச் சிற்பத்தின் தோளோ முகமோ புதிதாக முளைத்திருக்கும். எந்தச் சிற்பியும் அதைச் செய்யவில்லை. எந்தக் கும்பாபிஷேகத்திலும் அதன் மேல் தீர்த்தம் விழவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் உண்மை போலவே இருக்கும்.

கம்பியை அழிப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. குப்பைத்தொட்டியை, பிளாஸ்டிக் பையை, விளம்பரத் தட்டியை அழிக்கலாம். தடையில்லாமல் தெய்வத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் பழையது, புனிதமானது. திருநின்றவூர்ப் பூசலார் கையில் பொருள் இல்லாமல் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை ஒரு கோயிலைக் கட்டி முடித்தவர். அந்தக் கோயிலின் குடமுழுக்குக்காக, காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலின் நாளையே தள்ளிவைக்கச் சொன்னார் சிவபெருமான் என்கிறது அவர் வரலாறு. மனத்தில் மாசற்ற ஒரு காட்சியை வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மனிதர்களை அழிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு நெருடுகிறது. சில போன்களில் யாரை அழிப்பது என்று நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. பின்னால் சிறியதாகத் தெரிகிறவர்களை அதுவே அடையாளமிட்டு, நீக்கட்டுமா என்று கேட்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். நந்தி மண்டபத்துப் பக்கம் நின்று விமானம் முழுவதும் வருகிற மாதிரி படம் எடுப்பார்கள். 216 அடி உயர விமானம், அதன் கீழே எறும்பு மாதிரி ஜனங்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைத் தோளில் தூக்கிப்போகும் ஒருவர். வெயிலில் சூடேறிய தரையில் வேகமாகக் கால்மாற்றி நடக்கும் பெண்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வரிசை. நீளத் துடைப்பத்தோடு ஒரு பணியாளர். கொடிமரத்துக்கு அருகே விழுந்து வணங்கும் மூதாட்டி. வட்டம் போட வட்டம் போட இத்தனை பேரும் போய்விடுகிறார்கள். சில நேரம் ஆள் போன பிறகும் அவர் நிழல் மட்டும் கல்தரையில் தங்கிவிடுகிறது. அதன் மேலும் இன்னொரு வட்டம். கடைசியில் ராஜராஜனின் விமானமும் நாமும் மட்டும்.

ஆனால் அந்த விமானத்தின் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? 1010ல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் அதிட்டானத்தையும் சுவர்களையும் சுற்றிக் கல்வெட்டுகள். அரசன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, அரசியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் அங்கே இருக்கின்றன. பிற ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர், பாடியவர், வாசித்தவர், கணக்கு எழுதியவர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், தைத்தவர், தச்சர், கன்னார் எல்லாரும் அந்தக் கல்லில் இடம் பெற்றார்கள். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே உண்டு.

சோழப் பேரரசன் ஒருவன் தன் பெயர் பொறித்த கல்லிலேயே முடி திருத்துகிறவருக்கும் இடம் கொடுத்தான். ஆயிரம் வருடம் கழித்து, அதே கல்லின் முன் நின்று நாம் எடுக்கிற படத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்கு இடமில்லை என்கிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. சைவப் பெரியோர்கள் இறைவனிடம் கேட்டுப் பெற்ற வரங்களில் ஒன்று அடியார் கூட்டத்தில் சேர்ந்திருப்பது. சுந்தரர் அடியார்களை வரிசையாகப் பாடியபோது, தனி அடியார்களோடு, பெயர் தெரியாத தொகையடியார்களையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். தொகையாக நிற்கிறவர்களும் வணக்கத்துக்குரியவர்கள் என்பது நம் மரபு. அந்த மூதாட்டி கீழே விழுந்து வணங்கியதும் நாம் படத்துக்குச் சிரித்ததும் ஒரே நொடியில் நடந்தன. அன்றைக்கு அந்த முற்றத்தில் நடந்த வழிபாடு அவருடையதாகவே இருந்திருக்கலாம்.

அன்பினால் அழிக்கும் இடமும் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு மரணம். மாலை போட்டு மாட்டுவதற்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அந்த முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கச் சொல்வார்கள். பழைய ஃப்ரேம்களைக் கவனித்தால் தெரியும்: படத்தின் ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் புடவைத் தலைப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், தோளின் மேல் யாருடைய விரல்களோ இருக்கும். இப்போது அந்த விரல்களையும் நீக்கி, நீலப் பின்னணி வைத்து, ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். துக்க வீட்டுக்கு அது பேருதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என்றாலும், அந்தத் தோளில் உரிமையோடு கை வைத்த தங்கை ஒருத்தி இருந்தாள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல மூலப்படம் வேண்டுமல்லவா?

குறுக்கே வருவதை எதிர்கொள்ள நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வழி காத்திருத்தல். தியானத்தில் உட்கார்ந்தால் குக்கர் விசில் கேட்கும், ஆட்டோ ஹாரன் கேட்கும், நேற்றுச் சொன்ன கடுஞ்சொல் நினைவுக்கு வரும். ஒவ்வொன்றையும் துடைக்கக் கிளம்பினால் துடைப்பதே வேலையாகிவிடும். வந்தது வரட்டும், போவது போகட்டும் என்று இருந்து, நாமத்துக்குத் திரும்புவதையே ஜபத்தில் பழக்கினார்கள். எண்ணம் எழுந்தால் அது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொன்னார் ரமண மகரிஷி. குறுக்கே வந்ததே உள்ளே போகும் வழியாக மாறிவிடுகிறது. புகைப்படக்காரர்களுக்கும் இந்தப் பொறுமை உண்டு. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் கம்பம் மறையும். கொஞ்சம் நின்றால் கூட்டம் கலையும். விடியற்காலையில் வந்தால் முற்றமே காலியாக இருக்கும். அந்தக் காலித் தரை உண்மை. அதை நாம் கண்ணால் கண்டோம்.

யாரும் அழிக்காமலே ஆட்கள் மறைந்துபோன படமும் ஒன்று உண்டு. 1838ல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார். நிமிடக்கணக்கில் வெளிச்சம் விழுந்தால்தான் அந்தத் தகட்டில் உருவம் பதியும். வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓடியவை எதுவும் பதியவில்லை. தெருவோரம் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும் மட்டும் மங்கலாகத் தெரிகிறார்கள். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று அறியப்படுகிறவர்கள் அவர்கள்தாம். யாரையும் நீக்க டகேர் தீர்மானிக்கவில்லை. காலம் தன் போக்கில் விட்டுவைத்தவர்கள் அந்த இருவர். நிலையாமையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தப் படத்தின் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அது மனத்தில் வேறு விதமாக இறங்குகிறது.

கோயிலில் எடுத்த படத்தில் யாரையாவது அழிக்கப் போகும் முன், படத்தைப் பெரிதாக்கி அந்த முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் எதை வேண்டிக்கொண்டு அங்கே நின்றாரோ, அது அவருக்குக் கிடைக்கட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அழிக்கத் தோன்றினால் அழித்துக்கொள்ளுங்கள். மூலப்படத்தை மட்டும் தயவுசெய்து தனியாகச் சேமித்து வையுங்கள்.