நெல்வயலும் நீதியின் அளவுகோலும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயல்கள் இல்லை. ஆயினும் அங்கு உண்ணப்படும் சோறு நீர் தேங்கிய வயல்களில் விளைந்ததே. அவ்வயற் சேற்றில், காற்றுப் புகாத நிலையில், நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. புவி வெப்பமுறுதற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வாறாயின் பழி யாரைச் சாரும்?

பழி கூறுமுன் அளவு சரியாதல் வேண்டும். இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் 3.7 கோடி தொன்னுக்கு மேல் மெதேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் ஒருகால் கணித்தது. பிறநாட்டு வயல்களின் அளவீடுகளே அதற்கு அடிப்படை. 1991இல் ஏ. பி. மித்ரா தலைமையில் இந்திய அறிஞர்கள் தம் வயல்களிலேயே அளந்தபோது அது ஏறத்தாழ 40 இலட்சம் தொன்னாயிற்று. உயிர்வாழ்வுக்கான வெளியீட்டையும் ஆடம்பரத்துக்கான வெளியீட்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வாதிட்டதும் அவ்வாண்டிலேயே.

எனினும் வறுமை கடமையை முற்றாக நீக்கிவிடாது. வயலை இடையிடையே உலரவிட்டு நீர் பாய்ச்சினால் மெதேன் குறையும், நீரும் மிஞ்சும். ஆனால், உலர்ந்த வயலுக்கு உரிய வேளையில் நீர் வாராதாயின் நட்டம் கமக்காரனுடையது. உண்பவர் பலராயிருக்க, அவ்விடரை அவன் ஒருவனே சுமத்தல் அறமாகாது.

ஆகவே, கருவியும் பணமும் ஒரு நாட்டினது, வயல் மட்டும் மற்றொன்றினது எனும் ஏற்பாடு ஆராய்ச்சிக் கூட்டுறவாகாது. அளக்கும் உரிமையும் இழப்பைத் தாங்கும் பொறுப்பும் ஒருங்கே பகிரப்படுமிடத்தேதான் கூட்டுறவு அப்பெயருக்குத் தகுதி பெறுகின்றது.